கீரை வகைகளை உறைய வைத்துப் பேணும் முறை

மழைக் காலத்திலே வீட்டுத் தோட்டத்தில் முளைக்கீரையும் பசளியும் பொன்னாங்காணியும் ஒருங்கே தழைத்து நிற்கும். ஒரு குடும்பம் உண்டு முடிக்கவியலாத அளவு கீரை அப்பொழுது கிடைக்கும். வறட்சிக் காலத்திலோ அதே கீரையை விலை கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. குளிர்சாதனப் பெட்டி உள்ள இல்லங்களில், மிகுதியான கீரையை உறைய வைத்துச் சில மாதங்களுக்குப் பேணலாம். எனினும் முறை தவறின் கீரை நிறமும் சுவையும் கெட்டுப் பயனற்றதாகிவிடும்.

கீரை கெடுவதன் காரணம்

பறித்த பின்னரும் இலையிலுள்ள நொதியங்கள் தொழிற்பட்டுக்கொண்டேயிருக்கும். நிறம் மங்குதல், மணம் மாறுதல், விற்றமின்கள் குறைதல் ஆகியன இவற்றால் நிகழ்வன. குளிர் இவற்றின் வேகத்தைக் குறைக்குமேயன்றி முற்றாக நிறுத்தாது. ஆதலால் உறைய வைக்குமுன் கீரையைக் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தல் இன்றியமையாதது. இதனால் இலையிலுள்ள விற்றமின் சீயின் ஒரு பகுதி நீரிற் கரைந்து போவது உண்மையே. ஆயினும் அமிழ்த்தாது வைப்பதால் ஏற்படும் இழப்பு இதனிலும் பெரிதாகும்.

செய்முறை

1. இளங்கீரையைக் காலை வேளையிற் பறித்து, பழுத்தனவும் பூச்சி அரித்தனவுமான இலைகளை நீக்குக. மணல் போகும்வரை நீரை மாற்றி மாற்றிக் கழுவுக. முருங்கையிலையாயின் காம்பிலிருந்து உருவிக்கொள்க.

2. 250 கிராம் கீரைக்குச் சுமார் 4 லீற்றர் நீர் என்ற அளவிற் கொதிக்க வைக்குக. பானை சிறிதாயின் கீரையைப் பகுதி பகுதியாக இடுதல் வேண்டும்.

3. நீர் நன்கு கொதிக்கும்போது கீரையை இட்டு மூடி, மென்மையான இலைகளை 2 நிமிடமும், தடித்த இலைகளை 3 நிமிடமும் வைத்திருக்குக. நேரம் குறைந்தால் நொதியங்கள் அழியாது மேலும் ஊக்கம் பெறும். மிகுந்தால் கீரை குழைந்துவிடும்.

4. உடனே வடித்தெடுத்து, பனிக்கட்டி இட்ட நீரில் அதேயளவு நேரம் ஆறவிடுக. பின்னர் நீரை நன்கு பிழிந்துவிடுக.

5. ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவைத் தனித்தனிப் பைகளில் இட்டு, தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்டுக. தட்டையான பொதி விரைவில் உறையும். கீரையின் பெயரையும் திகதியையும் பையின்மீது எழுதுதல் நன்று.

6. ஒரே நாளிற் பெருந்தொகையான பொதிகளை வைத்தலாகாது. பெட்டியின் குளிர் குறைந்து உறைதல் தாமதமாகும். மெதுவாக உறையும்போது உண்டாகும் பெரிய பனிப்பளிங்குகள் இலையின் கலங்களைக் கிழித்துவிடுவதால், பின்னர் இளகும்போது கீரை சாறிழந்து துவண்டுபோகும்.

பேணும் காலம்

உறைபெட்டியின் வெப்பநிலை சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியசு ஆக இருப்பின், கீரை 8 முதல் 12 மாதம் வரை தரம் குன்றாதிருக்கும். சிறிய குளிர்சாதனப் பெட்டிகளிலுள்ள பனிக்கட்டி அறை அத்துணை குளிர்ச்சியடைவதில்லை. அதன் கதவில் ஒரு நட்சத்திரக்குறி இருப்பின் ஒரு வாரத்திலும், இரண்டு இருப்பின் ஒரு மாதத்திலும் கீரையைப் பயன்படுத்திவிடல் வேண்டும்.

இளக்குதலும் சமைத்தலும்

கீரைக் கடையலுக்கும் பருப்புடன் சேர்த்து ஆக்கும் கறிக்கும் உறைந்த கீரையை இளக்க வேண்டுவதில்லை. கொதிக்கும் சட்டியில் நேரே இடலாம். வறை செய்வதாயின், முதல் நாளிரவே பொதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, நீரைப் பிழிந்தெடுத்துக்கொள்க. அந்நீரைச் சொதிக்குச் சேர்க்கலாம். கீரை முன்னரே பாதி வெந்திருப்பதால் குறைந்த நேரமே சமைத்தல் போதும். வல்லாரைச் சம்பல் போன்று பச்சையாக உண்ணும் உணவுகளுக்கு உறைந்த இலை உதவாது.

சமையலறை மேசைமீது நெடுநேரம் வைத்து இளக்குதல் ஆபத்தானது. உறைதலால் பற்றீரியாக்கள் இறந்துவிடுவதில்லை, உறங்கிக் கிடப்பனவே. நமது நாட்டு வெப்பத்தில் அவை விரைந்து பெருகும். இளகிய கீரையை ஒரு நாளுக்குள் சமைத்துவிடல் வேண்டும்.

மின்தடை ஏற்படுங்கால்

2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. இத்தகைய வேளைகளிற் கதவைத் திறவாதிருத்தலே முதற் பாதுகாப்பு. நிறைந்த உறைபெட்டி ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். பொதியினுள் பனிக்கட்டி எஞ்சியிருப்பின் மீண்டும் உறைய வைக்கலாம். தரம் மட்டும் சிறிது குறையும். முற்றாக இளகி, வெப்பமேறி, இரண்டு மணி நேரத்துக்கு மேற் கிடந்த கீரையைத் தயங்காது எறிந்துவிடுக.

வீட்டில் இல்லாதபோது மின்தடை ஏற்பட்டதா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. கோப்பையொன்றில் நீரை உறைய வைத்து, அதன்மீது ஒரு நாணயத்தை இட்டு உறைபெட்டியில் வைத்திருக்குக. நாணயம் அடியில் அமிழ்ந்து உறைந்திருக்கக் கண்டால், உள்ளிருந்தவை ஒருமுறை இளகி மீண்டும் உறைந்தன என்று தெளியலாம். அக்கீரையைச் சிறுவர்க்கும் முதியோர்க்கும் மட்டுமன்றி எவர்க்கும் பரிமாறலாகாது.