நண்பனை அறிவோம்

திருவனந்தபுரத்து வீடுகளின் முற்றங்களிலும் மாடித் தோட்டங்களிலும் பயற்றங்கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். அக்கொடியின் இளந்தளிர்களில் கரிய அசுவினிகள் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். அவற்றை உண்ணப் பொறிவண்டு வரும். செந்நிற முதுகில் கரும்புள்ளிகள் கொண்ட அவ்வண்டைப் பலரும் அறிவர். அதன் இளம்பருவத்தை அறிந்தோர் சிலரே. அதனால், பயிரைக் காக்க வந்த நண்பன் பயிரிட்டவர் கையாலேயே மடிய நேர்கிறது.

பொறிவண்டின் வாழ்க்கை முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு பருவங்களை உடையது. தாய் வண்டு அசுவினிகள் மொய்க்கும் இடத்தருகே மஞ்சள் நிற முட்டைகளைக் கொத்தாக இடும். சில நாள்களில் புழுக்கள் வெளிவரும். அவற்றுக்கு ஆறு கால்கள் உண்டு, சிறகுகள் இல்லை. கருமையான நீண்ட உடலில் செம்மஞ்சள் புள்ளிகளுடன் அவை சிறு முதலைகளைப் போலத் தோன்றும். அத்தோற்றம் கண்டு அஞ்சிப் பலர் அவற்றை நசுக்கிவிடுகின்றனர். ஆனால், அசுவினிகளைப் பெருமளவில் உண்பவை அப்புழுக்களே. நன்கு வளர்ந்த புழு, இலையில் ஒட்டி அசைவற்ற கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து வண்டு வெளிப்படும்.

மாவுப்பூச்சியை உண்ணும் மற்றொரு பொறிவண்டும் உண்டு. 1898ஆம் ஆண்டில், காப்பிச் செடியைத் தாக்கிய செதில்பூச்சிகளை ஒழிக்க அது ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு வெண்ணிற மெழுகு இழைகளால் மூடப்பட்டு, மாவுப்பூச்சியைப் போலவே காணப்படும். வேறுபாட்டை எவ்வாறு அறிவது? மாவுப்பூச்சி சிறியது, பெரும்பாலும் ஓரிடத்திலேயே இருக்கும். வளர்ந்த புழுவோ அதனினும் பெரியது; இரை தேடி விரைந்து ஊரும்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் நடுவண் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. அங்கு ஆராயப்படும் பயிர்களுள் மரவள்ளியும் ஒன்று. 2020ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளியைத் தாக்கும் அயல்நாட்டு மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அதனை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு குளவி வருவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது. இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு அதனை உண்டு வளரும். இறந்த மாவுப்பூச்சியின் உடல் உலர்ந்து கடினமான கூடாகும். அதில் துளையிட்டுப் புதிய குளவி வெளியேறும். துளையில்லாத கூட்டைக் குப்பையென எரித்தால், உள்ளிருக்கும் குளவியும் அழியும்.

ஆகவே, பூச்சியைக் கண்டவுடன் மருந்தைத் தேடுதல் ஆகாது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பி, முட்டையையும் புழுவையும் கூட்டையும் உற்றுநோக்குதல் வேண்டும். நண்பனை எல்லாப் பருவத்திலும் அடையாளம் அறிந்தவரே பயிரைக் காக்க வல்லவர்.

சொற்பொருள்
மடிய – இறக்க
அயல்நாடு – வேற்று நாடு
உற்றுநோக்குதல் – கூர்ந்து கவனித்தல்

வினாக்களுக்கு விடை எழுதுக
1. பொறிவண்டின் நான்கு பருவங்கள் யாவை?
2. மாவுப்பூச்சியையும் அதனை உண்ணும் புழுவையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. துளையில்லாத கூட்டை எரிக்கக் கூடாது. ஏன்?

செயல்பாடு
வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு செடியை ஏழு நாள்கள் கவனித்து, அதில் காணும் பூச்சியின் பருவங்களை வரைந்து பெயர் எழுதுக.