மிளகாய் நாற்று வெளிறுவது ஏன்?

நம் தோட்டக் குடும்பங்கள் பல, லயத்துக்குப் பின்னால் மிளகாய் பயிரிட்டு வீட்டுச் செலவைக் குறைத்துக்கொள்கின்றன. மிஞ்சியதை இரவுச் சந்தையில் விற்று நாலு வெள்ளி சேர்ப்போரும் உளர். ஐந்தாறு வாரங்களில் நடவுக்கு ஆயத்தமாக வேண்டிய நாற்று, விரலளவில் நின்று வெளிறிப்போனால் அப்பருவத்து வருவாயே கைநழுவும். உடனே யூரியாவை அள்ளித் தூவுவது நம்மிடையே உள்ள வழக்கம். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்து, சில நாட்களில் வேர் கருகி நாற்றுகள் சாயக் கண்டோம். உரமிடுமுன் இலையையும் வேரையும் பார்த்தல் வேண்டும்.

இரப்பர் மரத்தோடு பழகியோருக்கு இப்பார்வை புதிதன்று. மக்னீசியம் குறைந்த இரப்பர் மரத்தில் முதிர்ந்த இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். மிளகாயிலும் அடையாளம் அதுவே. அடியிலைகள் நரம்போடு சேர்ந்து முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு எனக் கொள்ளலாம். இவ்விரு சத்துகளையும் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு ஊட்டுவதால், முதலில் வாடுவது அடியிலையே. இரும்புச்சத்தோ அவ்வாறு எளிதில் இடம் பெயராது. அது குறைந்தால் நுனித்தளிர் மஞ்சளாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீர் தேங்கிய பையிலும் இது நேரும். முளையோடு வந்த இரு வித்திலைகள் பின்னர்ப் பழுத்து உதிர்வது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டா.

எளிதில் கிடைக்கிறதென்று மரத்தூளைப் பையில் நிரப்புவோர் பலர். மக்காத மரத்தூளை உண்ணும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கே எடுத்துக்கொள்வதால் நாற்று பட்டினி கிடக்கும். மரத்தூளை நன்கு மக்கவைத்த பின்னரே கலத்தல் நன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை சத்தைக் கரைத்துச் செல்லும். வடிகால் இல்லாப் பையில் வேரையும் அழுகச் செய்யும். ஐயமிருப்பின் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெண்மையாயின் நலம். பழுப்பேறி நாற்றமடித்தால் உரத்தால் பயனில்லை. நீரைக் குறைத்துப் பையில் துளையிடுதலே மருந்து.

கிள்ளானை அடுத்த கடலோரத்தில் கரிமண்ணும் புளிப்பு மிகுந்த களிமண்ணும் உண்டு. மிளகாய்க்கு ஏற்ற புளிப்பு அளவு ஏறத்தாழ 5.5 முதல் 6.8 வரை. அதற்குக் கீழே இட்ட உரமும் வேருக்கு முழுமையாக எட்டாது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூளை மண்ணில் கலப்பது நலம். இடவேண்டிய அளவை மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நாற்று வெளிறுவதோடு தண்டு மெலிந்து நெடிதாக வளர்ந்தால், குறை மண்ணில் இல்லை; வெயிலில் உள்ளது. இரப்பர் நிழலில் வைத்த பைக்கும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியேறிய நம் உறவினர் நடைபாதை ஓரத்தில் வைத்த தொட்டிக்கும் இது பொருந்தும். சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக.

தழைச்சத்துக் குறைவு உறுதியானால் 5 கிராம் யூரியாவை 5 லிட்டர் நீரில் கரைத்து, ஈரமான மண்ணில் மாலை வேளையில் ஊற்றலாம். மக்னீசியக் குறைவுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். பிறகு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் புதுத்தளிரைக் கவனியுங்கள். அதுவும் வெளிறியே வந்தால் உர அளவைக் கூட்டாமல், இன்னொரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.