ஏதுப்போலி

பதருக்கும் நெல்லின் உருவே, தூற்றினாலன்றிப் புலப்படாது. அவ்வாறு மெய்க்காரணம்போல் நின்று மயக்கும் பொய்க்காரணத்தை மணிமேகலை ‘ஏதுப்போலி’ என்னும். (அந்நூலை உ.வே.சா. 1898இல், குடந்தைக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தே பதிப்பித்தார்.) ஏது, காரணம், ‘போல்’ அடியாகப் பிறந்தது போலி. வடநூலார் ‘ஹேத்வாபாசம்’ என்பர். அங்கே ஆபாசம் வெறுந்தோற்றமே; இன்று நம்மிடையே அச்சொல் படும் பாடு வேறு!

இலக்கணப் போலி தீங்கற்றது. பந்தல் ‘பந்தர்’ ஆயினும் நிழல் குறையாது. அளவைநூற் போலியோ அறிவையே மயக்கும்.

புகாரில் பிறந்த மணிமேகலைக்குக் காஞ்சியில் அறவண அடிகள் காட்டும் சான்று ஒன்று: ஒலி நிலையற்றது, அறியப்படுதலால். கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆயின், நிலையற்ற குடமும் அறியப்படும். நிலையானதெனக் கொள்ளும் ஆகாயமும் அறியப்படும். இருபாலும் செல்லும் ஏது எதனை நிறுவும்? ஒலி நிலையற்றது என்பது அடிகளின் பௌத்தம் உடன்படும் முடிபே. அதற்குத் துணைவந்த காரணத்தையும் அவர் போலியென்றே ஒதுக்குகிறார்.