உன் தீவின் மரத்தையே நடு

அன்புள்ள மருமகனுக்கு,

மொரிஷியஸின் வடகரையில் உங்கள் புது வீட்டு முற்றத்தில் என்ன பாம் (பனை வகை) மரம் வைக்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். நர்சரியில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதை வாங்கி நட்டுவிடாதே. உலகில் வேறெங்கும் தோன்றாத பாம் வகைகள் உன் ஊருக்கே சொந்தமாக இருக்கின்றன. முதலிடம் அவற்றுக்குத்தான்.

உன் கரைக்கு வடக்கே கடலில் ரவுண்ட் தீவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. முதிர்ந்த மரங்கள் நின்றன. அவற்றுக்கு வாரிசு இல்லை. 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் அகற்றிய பிறகே கன்றுகள் தலையெடுத்தன. நம்மூர் நர்சரிகளிலும் விற்கும் பாட்டில் பாம் அந்தத் தீவின் மரம்தான்.

உன் முற்றத்துக்கு அது பொருந்தும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். உப்புக் காற்றையும் தாங்கும். ஒரு நேரத்தில் நாலைந்து மட்டைகளே இருக்கும். அடர்த்தியாக இல்லையே என்று கவலைப்படாதே, அதன் இயல்பு அது. பச்சை மட்டையை மட்டும் வெட்டாதே. பழுத்தது தானே விழும்.

இடம் இருந்தால் நீல லத்தானியாவும் வை. அது நம் பனைக்கு உறவு. பனையைப் போலவே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; கன்றில் பிரித்தறிய முடியாது. அதனால் மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து நடு. இளங்கன்றில் சிவப்புச் சாயல் தெரியும். வளர வளர நீலச் சாம்பலாக மாறும். வேர் ஆழமாக இறங்கும், கலைத்தால் பொறுக்காது. ஆழமான தொட்டியில் வளர்த்து, மண்கட்டி உடையாமல் நடு. தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடாதே.

கியூர்பீப் தாவரவியல் தோட்டத்துக்குப் போனால், தன் இனத்தில் தனித்து நிற்கும் ஒரு மரத்தைப் பார். பாட்டில் பாமின் நெருங்கிய உறவு அது. ஆண் பூவும் பெண் பூவும் அதிலேயே பூக்கின்றன. ஆனால் வெவ்வேறு காலத்தில். ஆகவே காய் பிடிப்பதே அரிது. ஒற்றை மரத்தால் ஓர் இனம் பிழைக்காது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் கவனி. ரொட்ரிக்ஸ் தீவின் ஸ்பிண்டில் பாமைப் பாட்டில் பாமுக்குப் பக்கத்தில் நட்டால் இரண்டும் கலந்துவிடும். வெவ்வேறு லத்தானியா இனங்களும் அப்படித்தான். கலப்பு விதையில் வரும் மரம் அழகாக இருக்கலாம். ஆனால் அந்த இனத்தைக் காக்க உதவாது.

ஆகவே கன்று வாங்குமுன் ஒரே கேள்வி கேள்: தாய்மரம் எது, அதன் பக்கத்தில் என்ன நின்றது? பதில் தெரிந்தவரிடம் மட்டும் வாங்கு. உன் மரம் காய்க்கும்போது அந்த விதையை அக்கம்பக்கத்துக்கும் கொடு.

அன்புடன்,
மாமா