நிரலுக்கும் வேண்டும் அரங்கேற்றம்

முன்னுரை

எழுதி முடித்த நூலை அன்றே உலகிற்கு அளித்துவிடும் வழக்கம் பண்டைத் தமிழரிடம் இருந்ததில்லை. கற்றோர் அவையில் நூலை வைத்து, அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடை பகர்ந்து, குறை கண்டவிடத்துத் திருத்தி, அவை ஏற்றுக்கொண்ட பின்னரே அது நூல் எனப் போற்றப்பட்டது. இதனை அரங்கேற்றம் என்றனர். தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதை அதன் பாயிரம் தெரிவிக்கின்றது. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கம் கோயிலில் அரங்கேற்றினார் என்பது மரபு. தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தை இன்றும் கம்பர் பெயரால் சுட்டிக் காட்டுவர்.

நம் காலத்தில் நூல்களினும் மிகுதியாக எழுதப்படுவன கணிப்பொறி நிரல்களே. வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, தேர்வு முடிவு, நியாயவிலைக் கடை, மருத்துவமனைக் கருவி என நம் வாழ்வின் ஒவ்வொரு துறையும் யாரோ எழுதிய நிரலை நம்பி நடைபெறுகின்றது. பாட்டில் தளை தட்டினால் செவிக்கு மட்டுமே இன்னா. நிரலில் பிழை நேர்ந்தால் பொருளும் மானமும் உயிரும் இழக்க நேரிடும். ஆகவே மென்பொருளாக்கத்திற்குப் பொறியியல் ஒழுக்கம் இன்றியமையாதது. சோதனை என்பது ஒப்புக்குச் செய்யும் சடங்காக இல்லாமல் ஆக்கத்தின் உறுப்பாகவே அமைதல் வேண்டும். இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மாணவர்களுள் பலர் நவல்பட்டுத் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிற்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் பணி நாடிச் செல்கின்றனர். ஆதலால் இஃது அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளுமாகும்.

பெயர் பிறந்த கதை

1968ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ அமைப்பின் ஆதரவில் கணிப்பொறி அறிஞர்கள் கூடினர். அக்காலத்தில் பெரிய நிரல்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை. மதிப்பிட்ட செலவில் அடங்குவதில்லை. முடிந்தபின்னும் பிழை மலிந்து கிடந்தன. அக்கூட்டத்திற்கு ‘மென்பொருள் பொறியியல்’ என்னும் தலைப்பு வேண்டுமென்றே சூட்டப்பட்டது. பாலம் கட்டுவோரிடமும் எந்திரம் செய்வோரிடமும் உள்ள ஒழுக்கம் நிரல் எழுதுவோரிடம் இல்லை. அது வரவேண்டும் என்பதே அப்பெயரின் உட்கிடை.

அவ்வொழுக்கம் எத்தகையது என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் உருவாகும் கொதிகலன்களை நோக்கலாம். குழாயோடு குழாயைப் பற்றவைத்தபின் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுவதில்லை. உள்ளே வெடிப்போ புரையோ உண்டா எனக் கதிர்வீச்சுப் படம் எடுத்துப் பார்க்கின்றனர். பின்னர் நீரை நிரப்பி, கொதிகலன் நாள்தோறும் தாங்க வேண்டிய அழுத்தத்தினும் கூடுதலான அழுத்தத்திற்கு உட்படுத்துகின்றனர். பற்றவைத்தவர் முப்பது ஆண்டு அனுபவம் உடையவராயினும் இச்சோதனைகளிலிருந்து அவர் பணிக்கு விலக்கில்லை. அவரை ஐயுறுவதாக இதற்குப் பொருளில்லை. கொதிகலன் அருகே நாளை நிற்கப்போகும் தொழிலாளியின் உயிர் காக்கப்படுகிறது என்பதே பொருள்.

நிரலுக்கோ இவ்வொழுக்கம் இன்னும் மிகுதியாக வேண்டும். ஓர் உத்தரம் சிறிது மெலிந்தால் சிறிது குறைந்த பாரத்தைத் தாங்கும். நிரலில் ஒரு குறி மாறினால் விடையே தலைகீழாகும். உத்தரத்தின் விரிசல் கண்ணுக்குத் தெரியும். நிரலின் விரிசல் அதன்மேல் கால் வைத்தபின்னரே தெரியவரும்.

எச்சரிக்கையும் மனிதரும்

நம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்று 1954இல் இயற்பியல் பட்டம் பெற்ற டாக்டர் ஆ.ப.ஜை. அப்துல் கலாம் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்தது ஒன்று ஈண்டு நினையத்தக்கது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் புறப்படவிருந்தது. திட்ட இயக்குநர் அவரே. ஏவுவதற்குச் சில மணித்துளிகளே இருந்த நிலையில், கட்டுப்பாட்டு உறுப்புகள் சிலவற்றில் குறை உண்டெனக் கணிப்பொறி ஏவுதலை நிறுத்தியது. எரிபொருள் இருப்பு போதுமானது, மேற்செல்லலாம் என்று வல்லுநர்கள் கருத்துரைத்தனர். கணிப்பொறியின் தடையை விலக்கி ஏவ அவர் முடிவெடுத்தார். முதல் அடுக்கு செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பிலோ நைட்ரிக் அமிலம் கசிந்து வீணாகியிருந்தது. கலம் நிலைகுலைந்து, 317 வினாடிகளில் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அன்று செய்தியாளர்முன் அமர்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் ஆவார். குறை எங்கே நேர்ந்தது என்று ஆராயப்பட்டது, திருத்தப்பட்டது. 1980 ஜூலை 18இல் அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்த்தது. கலாம் அவர்கள் இந்நிகழ்ச்சியை மறைக்கவில்லை. பிற்காலத்தில் பல மேடைகளில் இளைஞர்க்குத் தாமே எடுத்துரைத்தார். அவர் பேச்சைக் கேட்டோர் பெரும்பாலும் தோல்வியைத் தாங்கும் தலைமைப் பண்பையே அதில் கண்டனர். நாம் காண வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு: சோதனை அமைப்பை உழைத்து உருவாக்கிவிட்டு, அவசரத்தின்போது அதன் சொல்லைக் கேளாதிருப்பின் அச்சோதனையால் பயனில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி இங்கிலாந்தில் நேர்ந்தது. அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. பணம் குறைகிறது என்று அது காட்டியபோதெல்லாம் கிளை அஞ்சலகம் நடத்தியோர்மீது பழி சுமத்தப்பட்டது. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் சொத்தையும் நற்பெயரையும் இழந்தனர். மென்பொருளிலேயே பிழைகள் இருந்தன என்பதை 2019இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024இல் தனிச்சட்டம் இயற்றியே அத்தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று.

முன்னதில், கணிப்பொறி மெய் சொல்லியது, மனிதர் நம்பவில்லை. பின்னதில், கணிப்பொறி பொய் சொல்லியது, மனிதர் நம்பினர். இரண்டிலிருந்தும் பெறப்படுவது ஒன்றே. மென்பொருள்மீது வைக்கும் நம்பிக்கை, பழக்கத்தாலோ அவசரத்தாலோ முடிவு செய்யப்படலாகாது. முறையான சோதனையால் ஈட்டப்படுதல் வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களே சோதனைக் களம்

பெரிய நிகழ்ச்சிகளைக் கண்டோம். இனி நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘திருச்சிராப்பள்ளி’ என்பது தமிழ் இலக்கணப்படி ஒன்பது எழுத்துகள் உடைய சொல். கணிப்பொறியில் இன்று வழங்கும் ஒருங்குறி முறையிலோ உயிர்மெய்யின் குறியீடும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் இது பதினேழு குறிகளாகிறது. பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே இவ்வூர்ப் பெயர் 51 பைட்டுகள் கொள்ளும். ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினைந்தே போதும். ஊர்ப் பெயருக்கு 50 பைட்டுகள் தாராளம் என்று கருதி நிரல் எழுதுபவர், ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தால் குறையொன்றும் காணார். தமிழில் இட்டால் இறுதி இகரம் அறுந்து, ‘திருச்சிராப்பள்ள’ என்று நிற்கும். கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு சோதனை. அதனைச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதற்குத் தமிழறிவு வேண்டும்.

காவிரியைக் கடந்தால் ‘ஸ்ரீரங்கம்’. இப்பெயரின் முதலெழுத்துக்கு ஒருங்குறியில் இருவகைச் சேர்க்கைகள் வழங்குகின்றன. தொடக்கத்தில் ஸகரத்தை அடிப்படையாகக் கொண்டு அது எழுதப்பட்டது. 2005இல் ‘ஶ’ என்னும் எழுத்து ஒருங்குறியில் சேர்க்கப்பட்டபின், அதனை அடிப்படையாகக் கொள்வதே உரிய முறை எனப்பட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்று ஒருங்குறித் தரமே பரிந்துரைக்கின்றது. அதனை மேற்கொள்ளாத நிரலில் ஒருவர் முகவரியை ஒரு முறையில் பதிந்து, மற்றொருவர் மறுமுறையில் தேடினால், ‘அப்படி ஓர் ஊர் இல்லை’ என்று விடை வரும். அரங்கநாதர் திருக்கோயிலும் ஊரும் அங்கேயே இருக்க, பட்டியலில் மட்டும் ஊர் மறைந்துபோகும்!

ஆட்பெயர்களிலும் இந்நிலை உண்டு. நம்மவர் பெயருக்கு முன் தந்தை பெயரின் தலைப்பெழுத்தை இடுவர். குடும்பப் பெயர் என ஒன்று பலர்க்கு இல்லை. ‘குடும்பப் பெயரை நிரப்பாவிட்டால் மேற்செல்ல இயலாது’ என்னும் படிவம் இவர்களை நோக்கி எழுதப்பட்டதன்று. தலைப்பெழுத்தை ஒரு படிவத்தில் முன்னும், மற்றொன்றில் பின்னும், வேறொன்றில் விரித்தும் எழுதிய மாணவர் கல்வி உதவித்தொகைக்கும் கடவுச்சீட்டுக்கும் அலைவதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

சொல்லில் தொடங்கும் ஒழுக்கம்

சோதிப்பது எவ்வாறு? எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். மதிப்பெண்ணை இட்டால் ‘தேர்ச்சி’ அல்லது ‘தேர்ச்சியில்லை’ என விடை தரும் நிரல் வேண்டும். 40 தேர்ச்சி மதிப்பெண் என்று கொள்வோம். ‘40க்கு மேல் பெற்றவர் தேர்ச்சி’ என்று ஒருவர் எழுதித் தருகிறார். பேச்சு வழக்கில் இதில் நாற்பதும் அடங்கும். நிரல் எழுதுபவரோ நாற்பதை விலக்கி எழுதிவிடுகிறார். பின் 75, 20 ஆகிய இரண்டை இட்டுப் பார்க்கிறார்; விடை சரியாகவே வருகிறது. நிரல் வெளியாகிறது. சரியாக நாற்பது பெற்ற மாணவர் மட்டும் தோற்றவராகிறார்.

நன்னூலார் நூலுக்குக் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும், மாறுகொளக் கூறலும், மயங்க வைத்தலும் உண்டு. மேற்கண்ட பிழை மயங்க வைத்தலால் வந்தது. பிழை கணிப்பொறியில் பிறக்கவில்லை, சொல்லில் பிறந்தது. ஆதலால் என்ன வேண்டும் என்பதை ஐயத்திற்கு இடமின்றி எழுதுவதே முதல் ஒழுக்கம்.

இரண்டாவது, எல்லைகளைச் சோதித்தல். 39, 40, 41 ஆகியவற்றை இட வேண்டும். 0, 100 ஆகியவற்றை இட வேண்டும். வரக்கூடாத 101ஐயும் இட்டு, நிரல் அதனை மறுக்கிறதா எனக் காண வேண்டும். ஒன்றும் இடாமலும் பார்க்க வேண்டும். தேர்வெழுத வராதவரும் சுழியம் பெற்றவரும் ஒருவரா, வெவ்வேறானவரா? 39.5 பெற்றவர் நிலை என்ன? இவ்வினாக்கள் எழும்போதே சோதனை, நிரலைக் கடந்து விதியையே தெளிவுபடுத்துவதைக் காணலாம்.

மூன்றாவது, வரவேண்டிய விடையை முன்னரே எழுதிவைத்தல். வந்த விடையைப் பார்த்தபின் ‘இதுவே சரி’ என்று அமைதி காணும் இயல்பு மனிதர் எல்லார்க்கும் உண்டு. நான்காவது, எழுதியவரன்றிப் பிறரும் சோதித்தல். தம் கையெழுத்துப் படியில் தாமே பிழை பார்ப்பவர்க்குப் பிழை தென்படாது என்பதை இம்மலர்க்குழுவினர் நன்கு அறிவர்!

ஐந்தாவது, ஒரு முறையோடு நில்லாமை. 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணை ஏறத்தாழ 180 ஆண்டுகள் கொள்ளிடத்து வெள்ளத்தைத் தாங்கி நின்றது. 2018 ஆகஸ்டு 22 இரவு அதன் மதகுகளில் ஒன்பது சரிந்து வீழ்ந்தன. நேற்றுத் தாங்கியது என்பது நாளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. நிரலும் அவ்வாறே. ஒரு திருத்தம் செய்தால் அத்திருத்தத்தை மட்டுமன்றிப் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்துதல் வேண்டும். ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்று கெடுவது மென்பொருளில் நாளும் காண்பதே.

இவ்வளவும் செய்தால் பிழையே இராதா எனின், அவ்வாறு கூற இயலாது. சோதனையால் பிழை உண்டு என்பதைக் காட்டலாமேயன்றி, இல்லை என்பதை நிறுவ இயலாது என்று டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா சுட்டினார். அதனாலேயே சோதனைக்கு முன்னரே ஒழுங்குடன் எழுதுதல் வேண்டும். இறுதியில் பிழை தேடிக்கொள்ளலாம் என்று எழுதுபவர், எத்துணை தேடினும் கரை காணார்.

முடிவுரை

காலம் போதாது, வேலை கொடுத்தவர் விரைவுபடுத்துகிறார், முதலில் வெளியிட்டுப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்பன இத்துறையில் அடிக்கடி கேட்கும் சொற்கள். இச்சொற்களைப் பற்றவைப்பவர் ஒருவர் கொதிகலன் முன் நின்று கூறினால் நாம் ஏற்போமா? நிரல் எழுதுபவர் கையில் முகமறியா மக்களின் கணக்கும் பெயரும் உடல்நலமும் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டுள்ளன. ஒப்படைத்தவர்க்கு நிரலைப் படித்துப் பார்க்கும் அறிவில்லை. அதனாலேயே பெற்றவர்க்குப் பொறுப்பு இருமடங்காகிறது.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. சொல்லின் பொருள் மயங்காமல் எழுதவும், விதிக்கு விலக்கு எங்கே என்று தேடவும், பாடவேறுபாடு நோக்கவும் இலக்கணம் அவர்களைப் பழக்குகின்றது. நல்ல சோதனையாளர்க்கு வேண்டிய பண்புகளும் இவையே. தமிழ்ப் பெயரும் தமிழ் எழுத்தும் கணிப்பொறியில் சிதையாமல் நிற்க வேண்டுமாயின், அதனைக் கேட்கவும் சோதிக்கவும் தமிழறிந்தோர் அவ்வவையில் அமர்தல் வேண்டும். அன்று அவையில் வினாத் தொடுத்தோர் நூலுக்குப் பகைவர் அல்லர். நூலின் நிலைபேற்றுக்குத் துணைவர். இன்று நிரலின் குறை காண்போரையும் அவ்வாறே மதிப்போமாக!