மெஷினைக் கேட்காதே, ஆளைக் கேள்

அன்புள்ள மருமகள் கயலுக்கு,

வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க லேசரா, வேசரா, கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சையா, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய விளம்பரங்கள் மூன்றையும் படித்தேன். மெஷின் பெயர் பெரிதாக இருக்கிறது. அதைப் பிடிக்கப் போகிறவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்று பார்த்தவள் சொல்கிறேன். லேசர் கொழுப்பை உருக்கும். வேசர் ஒலி அலையால் குலைக்கும். அப்புறம் பெரும்பாலும் ஒரே வேலைதான். சிறு துளை வழியாகக் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே போன நுனி கண்ணுக்குத் தெரியாது. நல்ல சர்ஜன் ஒரு கையால் குழாயை ஓட்டும்போது மறு உள்ளங்கையைத் தோலின்மேல் படிய வைத்திருப்பார். நுனி எந்த ஆழத்தில் போகிறது, இன்னும் எவ்வளவு மிச்சம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத்தான் தெரியும். நிறுத்தத் தெரியாதவரிடம் போனால் தோல் மேடும் பள்ளமுமாகிவிடும். ஆழம் தவறினால் குடலில் ஓட்டை விழும். லேசர் முனை தோலருகே கொஞ்சம் தங்கினாலே சுட்டுவிடும்.

உறிஞ்சி எடுக்கும் இந்தச் சிகிச்சையில் ரத்தப்போக்கை வெகுவாகக் குறைத்தது எந்த மெஷினும் இல்லை. செலைனில் லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்து முதலில் ஏற்றிவிட்டு உறிஞ்சும் முறைதான். கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் அதை 1987-ல் வெளியிட்டார். அதிலும் மருந்தின் அளவை உடல் எடைக்குக் கணக்கிட வேண்டும். மிஞ்சினால் இதயத்தைப் பாதிக்கும். அந்தக் கணக்குப் போடுகிறவர் யார் என்பதுதான் என் கேள்வி.

கத்தியே வேண்டாம், உறைய வைத்தால் போதும் என்கிறாய். கனடாவில் பிறந்த மாடல் அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா அப்படித்தான் போனார். கொழுப்பு கரைவதற்குப் பதில் அதே இடத்தில் தடித்து வளர்ந்துவிட்டதென்றும், அறுவை செய்தும் சரியாகவில்லை என்றும் 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். அரிதாக நடப்பதுதான். ஆனாலும் அந்த மெஷினை வைத்திருப்பவர் இதை உன்னிடம் முன்கூட்டிச் சொன்னாரா?

உன் வயிற்றையே எடுத்துக்கொள். இரண்டு பிள்ளை பெற்றவள். முன்வயிற்றுத் தசைகள் விலகியிருந்தால் அந்தத் தொந்தி கொழுப்பே இல்லை. குடலைச் சுற்றி உள்ளே சேர்ந்த கொழுப்பாக இருந்தால் எந்தக் குழாயும் அங்கே போகக் கூடாது. தோல் தளர்ந்திருந்தால் உறிஞ்சிய பிறகு இன்னும் தொங்கும். உன்னைப் படுக்கவைத்து, தலையைத் தூக்கச் சொல்லி, கையால் அழுத்திப் பார்க்கிறவர்தான் இதைச் சொல்ல முடியும். ஒரே மெஷினை வாங்கிப் போட்டிருப்பவருக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த மெஷினுக்கு ஏற்றவர்களாகத்தான் தெரிவார்கள். உனக்கு இது வேண்டாம் என்று சொல்லக்கூடியவரைத் தேடு.

எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரா என்று பார். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார். கேட்பதில் தப்பே இல்லை. மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா, ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா என்றும் கேள். மொத்தம் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துக் கவனிக்க வேண்டும். அவ்வளவு எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடு. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது கன்னட சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அந்தப் பெண்ணை நினைத்துத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

புது மெஷினும் தெரியாத கையும் ஒரு பக்கம், பழைய சாதாரண உறிஞ்சு குழாயும் பழகிய கையும் மறு பக்கம் என்றால், நான் யோசிக்காமல் பழையதைத்தான் சொல்வேன்.

இந்த வாரத் தள்ளுபடிக்காக முன்பணம் கட்டிவிடாதே, கண்ணு. இரண்டு சர்ஜன்களையாவது நேரில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அத்தை