பின்விளக்குக்குக் கறுப்பு அடிக்கலாமா?



சாயங்காலம் நம்ம ஊர் பாரதியார் சாலையில் ஐந்து நிமிஷம் நின்று, போகிற கார்களின் பின்பக்கத்தை மட்டும் பாருங்கள். பத்துக்கு ஒன்றாவது பின்விளக்கு சிவப்பாக இருக்காது. புகை பிடித்த சிம்னி மாதிரி கறுத்துப் போயிருக்கும். பழுது என்று நினைக்காதீர்கள், அதுதான் 'ஸ்மோக்' ஸ்டைல். கடையில் கறுப்பு ஸ்பிரே டப்பா வாங்கி வீட்டிலேயே அடிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அடித்தோம். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்க பெரியப்பாவிடம் பழைய மாருதி 800 ஒன்று இருக்கிறது. பி.ஒய். 02 நம்பர், வெள்ளைக் கலர். பாலிடெக்னிக் படிக்கிற அண்ணனுக்கு அதை எப்படியாவது ஸ்டைலாக ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் வைத்து வேலையை ஆரம்பித்தோம். சோப்புத் தண்ணீரில் விளக்கைக் கழுவி, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்த்தோம். பளபளப்பு போனால்தான் பெயிண்ட் பிடிக்குமாம். சுற்றிலும் மாஸ்கிங் டேப், அதற்கு மேல் பழைய பேப்பர். டப்பாவை நன்றாகக் குலுக்கினோம். உள்ளே 'கடகட' என்று ஒரு குண்டு ஓடும், அடியில் தங்கிய பெயிண்டைக் கலக்குவதற்காகப் போட்டிருக்கிறார்கள். ஒரு அடி தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் வீசினாற்போல் அடித்தான் அண்ணன். முதல் கோட்டில் லேசான பழுப்பு. "போதும்ணே" என்றேன். "சும்மா இருடா, இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சாத்தான் லுக்கே வரும்" என்றான். மூன்று கோட்டு அடித்து, மேலே கிளியரும் அடித்தாயிற்று. உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரே டப்பாவுக்குள் பெயிண்டை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள். நம்ம வீட்டு சமையல் வாயுவில் இருப்பதும் அதுதான். அதனால் அடுப்பு, சாம்பிராணி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அதைவிட அதிகமாகவே சூடு ஏறும். கார் டிக்கியில் டப்பாவைப் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். அடித்து இரண்டு வாரம் கழித்து திருநள்ளாறு போய்விட்டுச் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் காரைக்கால் திரும்பிக் கொண்டிருந்தோம். வழியில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக் போட்டான். வண்டி நின்றது. அடுத்த நொடி பின்னால் 'டமார்'. மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்கள் பம்பரில் மோதி விழுந்து கிடந்தார். முழங்கால் பிளந்து ரத்தம். ரோட்டில் ஒரு கேன் பால் அப்படியே ஓடியது. தூக்கி உட்கார வைத்தோம். அவர் திட்டக்கூட இல்லை. "தம்பி, நீங்க பிரேக் போட்டதே எனக்குத் தெரியலப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்கு ஏழு தையல். பால் காசையும் வைத்தியச் செலவையும் பெரியப்பா கொடுத்தார்.

ஏன் தெரியவில்லை? இரவு அல்ல, நல்ல வெளிச்சம். அதுதான் காரணமே. திருநள்ளாறு காரைக்காலுக்கு மேற்கே இருக்கிறது. சாயங்காலம் அங்கிருந்து வந்தால் நாம் கிழக்கே போகிறோம், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக நின்று நேராகப் பின்விளக்கு மேல் அடிக்கிறது. பிரேக் விளக்கு அந்த வெயிலோடு போட்டி போட வேண்டும். நாங்களோ விளக்கின் வெளிச்சத்தைக் கறுப்பு அடித்துக் குறைத்துவிட்டோம். மேலே அடித்த கிளியரோ வெயிலைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்புகிறது. பின்னால் வருகிறவர் கண்ணுக்கு எரிகிற விளக்கும் எரியாத விளக்கும் ஒன்றாகிவிட்டது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கோட்டு பெயிண்ட் 100 பங்கு ஒளியில் 70 பங்கை விடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது கோட்டு அந்த 70-இல் 70 சதவீதத்தை விடும், ஆக 49. மூன்றாவது கோட்டுக்குப் பிறகு 34. கோட்டுகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். கண்ணுக்கு 'கொஞ்சம்தான் கறுத்திருக்கு' என்று தோன்றும்போதே மூன்றில் இரண்டு பங்கு ஒளி போயிருக்கும். இதற்கு முன்பே சிவப்பு பிளாஸ்டிக் தன் பங்குக்கு மற்ற நிறங்களையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் சிவப்பை மட்டும் வெளியே அனுப்புகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

பழைய கார்களில் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழை. ஒன்று 5 வாட், இரவில் எரிவது. இன்னொன்று 21 வாட், பிரேக் மிதித்தால் எரிவது. முதலாவது சுமார் 35 லூமென், இரண்டாவது சுமார் 440 லூமென். பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 'இவன் சும்மா போகவில்லை, நிற்கப் போகிறான்' என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வது அந்த வித்தியாசம்தான். பகலில் 5 வாட் இழை எரிவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் இல்லை. முழு பாரமும் அந்த 21 வாட்டின் மேல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 105-ஆவது விதிப்படி பின்னால் உள்ள சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். இப்போது நாம் எட்டாம் வகுப்பிலிருந்து கேட்டுவரும் தலைகீழ் இருபடி விதியைப் போட்டுப் பாருங்கள். சரியாக 155 மீட்டர் வரைக்கும் தெரிகிற ஒரு விளக்கில் பாதி ஒளியைக் குறைத்தால், அது தெரிகிற தூரம் பாதியாகாது; இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை சுமார் 110 மீட்டர். 'அவ்வளவுதானே' என்று அண்ணன் சொன்னான். நான் அடுத்த கணக்கைப் போட்டேன். 80 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். குறைந்துபோன 45 மீட்டர் என்பது இரண்டு நொடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ரோட்டோரம் பஞ்சராகி நிற்கிற வண்டிக்கு அந்த இரண்டு நொடி எவ்வளவு என்று யோசியுங்கள். அதிலும் சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றுக்கு வெளியூர் வண்டிகள் விடிய விடிய வரும். ஓட்டுகிறவருக்கு நம்ம ரோடும் தெரியாது, அறுவடைக் காலத்தில் விளக்கில்லாமல் வரும் டிராக்டரும் தெரியாது.

எனக்குப் பிடித்த பகுதி ரிஃப்ளெக்டர்தான். பின்விளக்குக்குள்ளேயே தேன்கூடு மாதிரி ஒரு பகுதி இருக்கும். பல்பு கிடையாது. ஒவ்வொரு குழியும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகம் கொண்டது. அறையின் மூலையில் பந்தை எறிந்தால் மூன்று சுவரிலும் பட்டு நம்மிடமே வருமே, அப்படி ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போகும். பேட்டரி செத்து, கார் இருட்டில் நின்றாலும் அது இருப்பதை அடுத்தவருக்குச் சொல்வது இதுதான். இதன் மேலும் கறுப்பு அடித்தால்? விளக்கின் ஒளி பெயிண்டை ஒரு தடவைதான் கடக்கிறது. ரிஃப்ளெக்டர் ஒளியோ உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. பாதி விடுகிற பெயிண்ட் என்றால் 100-க்கு 25-தான் திரும்பும். எங்கள் மூன்று கோட்டில் 100-க்கு 12 கூட இல்லை.

சிவப்பு ஏன் என்று சிலர் கேட்டார்கள். சிவப்புக்கு அலைநீளம் அதிகம், காற்று மூலக்கூறுகள் அதைக் குறைவாகச் சிதறடிக்கும் என்று படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் மார்கழி மூடுபனியில் அது உதவாது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது, அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனியில் கைகொடுப்பது நிறம் அல்ல, ஒளியின் அளவு. இடையில் ஒரு சுவையான செய்தி: பிரான்ஸ் நாட்டில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார் முன்விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே!

கார் கண்ணாடிக்கும் இதே கதைதான். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி புக வேண்டும் என்று 100-ஆவது விதி சொன்னது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கே தடை போட்டது. அப்போது ஃபிலிமை உரித்த அனுபவம் பெரியப்பாவுக்கும் உண்டு. "கண்ணாடிய உரிச்சப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும், உங்கள வெளக்குல அடிக்க விட்டேன் பாரு" என்றார்.

கடைசியாக, அடித்ததை எடுத்த கதை. தின்னரால் துடைத்தால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். பெயிண்ட் போனது. கூடவே லென்ஸும் போனது. விளக்கு லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். தின்னரில் உள்ள டொலுவீன், அசிட்டோன் போன்றவை அதைக் கரைக்கும். வெள்ளை வெள்ளையாக முடிபோன்ற விரிசல் விழுந்து, மேல்பரப்பு மெழுகு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் புது லென்ஸ் மாற்றினோம். ஸ்பிரே டப்பாவுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு செலவு, பாதி அண்ணனின் பாக்கெட் மணியிலிருந்து.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு டார்ச், ஒரு கூலிங் கிளாஸ், சைக்கிளின் சிவப்பு ரிஃப்ளெக்டர் போதும். முதலில் டார்ச் முன்னால் கூலிங் கிளாஸைப் பிடித்துச் சுவரில் வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு ரிஃப்ளெக்டர் மேல் கூலிங் கிளாஸை வைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். டார்ச்சைக் கண்ணிலிருந்து தூரமாகக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்றும் கவனியுங்கள். போனில் ஒளி அளக்கும் ஆப் இருந்தால் முதல் சோதனையில் எண்ணே கிடைக்கும்.

கெட்டுப்போன பழைய லென்ஸ்கள் இரண்டையும் இயற்பியல் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வாருங்கள், டார்ச் நான் கொண்டு வருகிறேன்.

— பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்